போருக்குப் பிந்தைய அமெரிக்கா: வீடு, பெட்டி, பாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கப் படங்களைப் பற்றி எதை எழுதினாலும் பின்னாலேயே சில கேள்விகள் வந்துவிடுகின்றன. வரிசையாக நிற்கும் அந்தப் புறநகர் வீடுகள் உண்மைதானா, அந்த அம்மா முத்துமாலை அணிந்துகொண்டுதான் தினமும் சமைத்தாரா, இடுப்பை அசைத்துப் பாடிய ஓர் இளைஞனைப் பார்த்து நாடே ஏன் அப்படிப் பதறியது? தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில நான்கே வரி. எனக்கு எதில் ஆர்வம் அதிகம் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

‘ஐம்பதுகள்’ என்று சொல்வது எந்தக் காலத்தை?

நாட்காட்டிப்படி 1950 முதல் 1959 வரை. ஆனால் இந்தப் பேச்சில் 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்ததிலிருந்து 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டது வரை இழுத்துக்கொள்வதுதான் வழக்கம். நானும் அப்படியே இழுத்துக்கொள்கிறேன்.

ஐரோப்பாவும் ஜப்பானும் நொடித்துக் கிடந்தபோது அமெரிக்கா மட்டும் எப்படிச் செழித்தது?

அதன் தொழிற்சாலைகள் மேல் குண்டு விழவில்லை. இது பாதி பதில். மறுபாதி, மக்கள் கையில் தங்கியிருந்த பணம். போர்க்காலத்தில் எல்லோருக்கும் வேலை இருந்தது, வாங்குவதற்குத்தான் பொருள் இல்லை. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். சர்க்கரை, இறைச்சி, பெட்ரோல், டயர் எல்லாம் ரேஷன். செலவழிக்க வழியில்லாத சம்பளம் வங்கியிலும் போர்க்கடன் பத்திரங்களிலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தது.

அரசாங்கத்துக்கோ வேறு கவலை. ஒன்றரைக் கோடிப் பேர் சீருடையைக் கழற்றிவிட்டு ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் 1930களின் வறுமை திரும்பிவிடாதா? முதல் உலகப்போரில் சண்டையிட்டவர்கள் 1932இல் தங்களுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார்ந்ததையும், ராணுவமே வந்து அவர்களை விரட்டியதையும் யாரும் மறந்திருக்கவில்லை. அந்த அச்சத்தில் பிறந்ததுதான் 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ‘ஜி.ஐ. பில்’. வேலையில்லாத வீரருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம். படிக்க விரும்பினால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்லூரிக் கட்டணம். வீடு வாங்கினால் கடனுக்கு அரசின் உத்தரவாதம். ஏறத்தாழ 78 லட்சம் பேர் இதில் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். 1947இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள்.

யார் தயவும் இல்லாமல் சொந்தக் காலில் எழுந்த தலைமுறை என்று அவர்களைப் பற்றி நிறையப் பெருமை பேசப்படுகிறது. அப்படிப் பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தை வசதியாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

லெவிட்டவுன் என்ற பெயர் எங்கு பார்த்தாலும் வருகிறதே, அது என்ன?

நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலம். வில்லியம் லெவிட்டின் குடும்ப நிறுவனம் அதை வாங்கி 1947இல் வீடு கட்டத் தொடங்கியது. 1951க்குள் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன.

போர்க்காலத்தில் கடற்படைத் தொழிலாளர்களுக்காக வீடுகள் கட்டியபோது லெவிட் ஒரு பாடம் படித்திருந்தார். கார் தொழிற்சாலையில் ஆள் நிற்பான், வண்டி நகரும். இங்கே வீடு நகராது, ஆகவே ஆள் நகர வேண்டும். கட்டுமானம் முழுவதையும் 27 கட்டங்களாகப் பிரித்தார். தளம் போடுகிற குழு தளம் மட்டும் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். வெள்ளை வர்ணம் அடிப்பவர் வெள்ளை மட்டும் அடிப்பார். மரங்கள் அளவு பார்த்து அறுக்கப்பட்டே வந்து இறங்கும். அஸ்திவாரத்துக்குக் கீழே நிலவறை தோண்டும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு நேரடியாகக் கான்கிரீட் தளம் போட்டார்கள். அதற்காக உள்ளூர்க் கட்டட விதியே திருத்தப்பட்டது. வேலை உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 30 வீடுகள் முடிந்தன.

முதல் வீடுகள் 750 சதுர அடிதான். 1949இல் வந்த அடுத்த மாதிரியின் விலை 7,990 டாலர். சமையலறைச் சாமான்களும் துணி துவைக்கும் இயந்திரமும் அந்த விலையிலேயே அடக்கம். 1950 மாதிரியில் மாடிப்படிக்கு அடியில் சுவரோடு சேர்த்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் பதித்துக் கொடுத்தார்கள். வீட்டோடு வந்த பெட்டி என்பதால் அதற்கும் சேர்த்துத்தான் கடன், அதற்கும் சேர்த்துத்தான் மாதத் தவணை!

கூடவே சட்டதிட்டங்களும் வந்தன. வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வெளியே துணி காயப்போடக் கூடாது, வேலி கூடாது. அமெரிக்கப் புறநகர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் அந்த வெள்ளை மரவேலி, புறநகரின் தாய்வீட்டில் தடை செய்யப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

‘சொந்த வீடும் மனையும் உள்ளவன் கம்யூனிஸ்டாக இருக்க முடியாது, அவனுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்’ என்று 1948இல் லெவிட் சொன்னார். புல் வெட்டும் விதியோடு சேர்த்துப் படித்தால் அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை என்பது புரியும்.

கறுப்பினத்தவர் அங்கே வீடு வாங்க முடியாது என்பது எழுதாத வழக்கமா, எழுதிய விதியா?

எழுதிய விதி. வெள்ளையர் அல்லாத எவரும் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று ஆரம்ப ஒப்பந்தங்களிலேயே இருந்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. லெவிட் ஒருவரை மட்டும் திட்டி இந்தக் கதையை முடித்துவிட முடியாது. வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு வழங்கிய அரசு அமைப்பின் 1938 கையேடே இத்தகைய இனக் கட்டுப்பாடுகளைக் கிரயப் பத்திரத்தில் சேர்க்கும்படி பரிந்துரைத்தது. நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்துவைத்தார்கள். 1948இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஷரத்து காகிதத்திலிருந்து போயிற்று. விற்பவர் நடத்தையில் அப்படியே இருந்தது. லெவிட்டவுனில் 1950களின் தொடக்கத்தில் 70,000 பேர் வாழ்ந்தார்கள், அவர்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை.

ஜி.ஐ. பில்லும் இதே சுவரில்தான் முட்டியது. கடனுக்கு உத்தரவாதம் அரசு தரும், கடனை வங்கிதான் தர வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் எடுத்த ஒரு கணக்கில், முன்னாள் வீரர்களுக்கு வழங்கப்பட்ட 3,229 உத்தரவாதக் கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டு சதவீதம் அல்ல, இரண்டு கடன்கள்.

பென்சில்வேனியாவில் லெவிட் கட்டிய இரண்டாவது ஊருக்கு 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் என்ற தம்பதி குழந்தைகளோடு குடிவந்தார்கள். வில்லியம் போரில் பணியாற்றியவர். முந்தைய உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கியதால் நிறுவனத்தால் தடுக்க முடியவில்லை. தெருவில் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள், கல் வந்து ஜன்னலை உடைத்தது, அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்ற தென்மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியை ஏற்றி இரவெல்லாம் சத்தமாகப் பாட்டுப் போட்டார்கள், ஆதரவாக நின்ற அண்டை வீட்டாரின் சுவரில் மிரட்டல் எழுதினார்கள். மாநிலக் காவல்துறை வந்தது. நீதிமன்றம் தடையாணை போட்ட பிறகே அடங்கியது. இது அலபாமாவிலோ மிசிசிப்பியிலோ நடந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில்.

தொலைக்காட்சி வந்ததும் என்ன மாறியது?

வேகத்தை முதலில் பாருங்கள். 1950இல் நூறு வீடுகளில் ஒன்பதில் பெட்டி இருந்தது. 1960இல் ஏறத்தாழ 90 வீடுகளில். இத்தனைக்கும் 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதை அரசு நிறுத்திவைத்திருந்தது. திரையரங்குகள் கூட்டத்தை இழந்தன. வீட்டுப் பெட்டியால் காட்ட முடியாததைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் 1953இல் சினிமாஸ்கோப் வந்தது.

அந்தக் காலத் தொலைக்காட்சியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நிகழ்ச்சி போதும்: 1951 அக்டோபரில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர். லூசில் பால் மனைவி, அவருடைய உண்மைக் கணவர் டெசி அர்னாஸ் கதையிலும் கணவர். கியூபாவில் பிறந்து, உச்சரிப்பில் அது தெரியப் பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று ஒளிபரப்பு நிறுவனம் தயங்கியது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். நிறுவனத்துக்கு மக்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

தம்பதி இன்னொன்றும் செய்தார்கள். அப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போய்க் காற்றோடு கரைந்துவிடும். இவர்கள் ஹாலிவுட்டிலேயே, எதிரில் பார்வையாளர்களை உட்காரவைத்து, மூன்று கேமராக்களில் படச்சுருளில் எடுத்தார்கள். அதற்கான கூடுதல் செலவுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்குப் படச்சுருளின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மறு ஒளிபரப்பு என்ற தங்கச் சுரங்கம் அந்தப் பேரத்தில்தான் திறந்தது.

லூசில் பால் கருவுற்றபோது அதைக் கதையிலும் சேர்த்தார்கள். ஆனால் ‘கர்ப்பம்’ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது! ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத குரு மூவரும் வசனத்தைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று கதையில் குழந்தை பிறந்தது. நிஜத்திலும் அதே நாள். 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2.9 கோடி.

அந்தத் தொடர்களில் வரும் அம்மா உண்மையா?

முத்துமாலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘லீவ் இட் டு பீவர்’ தொடரில் அம்மாவாக நடித்த பார்பரா பில்லிங்ஸ்லிக்குக் கழுத்தில் ஒரு குழி இருந்தது. கேமராவில் அதன் நிழல் விழாமல் மறைக்கவே அந்த மாலை. பையன்களாக நடித்தவர்கள் மளமளவென்று வளர்ந்ததால் அவர்களைவிட உயரமாகத் தெரியக் குதியுயர்ந்த காலணி. ஒரு தலைமுறையின் இலட்சியக் குடும்பத்தலைவி உருவானது ஒளிப்பதிவாளரின் வசதிக்காக.

வெளியே நிலைமை வேறு. போரின்போது தொழிற்சாலைக்கு அழைக்கப்பட்ட பெண்களை 1945இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். பலர் வேறு வாசல் வழியாக, குறைந்த சம்பளத்துக்கு, திரும்பி வந்தார்கள். 1950இல் மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அடுத்த பத்தாண்டுகளில் அது கூடியதே தவிரக் குறையவில்லை. அதே சமயம் திருமண வயதும் இறங்கியது. 1956இல் பெண்களின் முதல் திருமண வயது நடுமதிப்பில் 20.1.

எனக்குப் பிடித்த கதை பிரவுனி வைஸ் என்பவருடையது. டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பாக்கள் 1946இல் கடைக்கு வந்தபோது யாரும் சீண்டவில்லை. மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று யாராவது செய்துகாட்ட வேண்டியிருந்தது. கணவரைப் பிரிந்து மகனோடு வாழ்ந்த வைஸ், அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்கு அழைத்து, பேசிச் சிரித்து, டப்பாவைத் தண்ணீரோடு தூக்கிப் போட்டுக் காட்டி விற்றார். 1951இல் நிறுவனம் கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற்று முழு விற்பனையையும் இந்த வீட்டு விருந்துகளுக்கே மாற்றி, அவரைத் தலைமையில் வைத்தது. 1954இல் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958இல் நிறுவனர் அவரை வெளியேற்றினார். கையில் ஒரு பங்குகூட இல்லாமல், ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளத்தோடு போனார்.

1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் நின்று வாதிட்டது ராக்கெட் முன்னால் அல்ல, ஒரு மாதிரிச் சமையலறை முன்னால். அந்த மாதிரி வீட்டின் மூலமும் லாங் ஐலண்டில்தான் இருந்தது. எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் 1963இல், அந்தச் சமையலறைக்குள் இருந்தவர்களின் மனக்குறையைப் ‘பெயரில்லாத பிரச்சினை’ என்று எழுதியபோது பல லட்சம் பெண்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

ஏன் அத்தனை குழந்தைகள்?

வறுமையும் போரும் பதினைந்து ஆண்டுகள் தள்ளிப்போட்ட திருமணங்கள், வேலை, வீடு எல்லாம் சேர்ந்து வந்தன. உச்ச ஆண்டு 1957: ஒரே ஆண்டில் 43 லட்சம் பிறப்புகள். 1946 முதல் 1964 வரை மொத்தம் 7.6 கோடி. இந்தப் பதிலின் மிச்சம் அடுத்த கேள்வியில் இருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் கையில் காசு வந்தது.

ஒரே தெருவில் வாழச் சம்மதிக்காத வெள்ளையர், கறுப்பினத்தவரின் இசைக்கு மட்டும் எப்படி ஆடினார்கள்?

பெற்றோர் ஆடவில்லை, பிள்ளைகள் ஆடினார்கள். அதற்குக் காரணமும் தொலைக்காட்சிதான். வானொலியின் நாடகங்களும் நட்சத்திரங்களும் பெரிய விளம்பரதாரர்களும் பெட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த நேரத்தை நிரப்ப வானொலி நிலையங்கள் இசைத்தட்டுகளை எடுத்தன, உள்ளூரில் யார் கேட்பார்கள் என்று தேடின. மெம்பிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் அதுவரை நஷ்டத்தில் தவித்தது. வெள்ளை உரிமையாளர்கள் 1948-49இல் துணிந்து நிகழ்ச்சிகள் முழுவதையும் கறுப்பின நேயர்களுக்கே மாற்றினார்கள். புளூஸ் இசைக்கலைஞர் பி.பி. கிங் அங்கே அறிவிப்பாளராக இருந்தவர். 1954இல் அதற்கு 50,000 வாட் ஆற்றல் கிடைத்து அலைகள் பல மாநிலங்களுக்குப் போயின.

மனையைச் சுற்றிக் கோடு போட்ட அதிகாரிகளால் வானொலி அலையைச் சுற்றிக் கோடு போட முடியவில்லை. படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வெள்ளைப் பையன் எந்த நிலையத்தைத் திருப்புகிறான் என்று யார் கண்டார்கள்? 1954 இறுதியில் சட்டைப்பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் வானொலியும் 49.95 டாலருக்கு வந்துவிட்டது. நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய இசைத்தட்டுகள் 1949 முதலே கிடைத்தன.

கிளீவ்லாண்டில் ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர், வெள்ளைப் பிள்ளைகள் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற கறுப்பினத்தவர் இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவதைக் கவனித்து ஆலன் ஃப்ரீட் என்ற அறிவிப்பாளரிடம் சொன்னார். 1951இல் ஃப்ரீட் அந்த இசையை இரவு வானொலியில் போடத் தொடங்கினார். 1952 மார்ச் 21 அன்று அவர் நடத்திய நிகழ்ச்சிக்கு, பத்தாயிரம் பேர் கொள்ளும் அரங்குக்கு ஏறத்தாழ இருமடங்குக் கூட்டம் வந்து கதவை உடைத்தது. சற்று நேரத்திலேயே காவல்துறை நிகழ்ச்சியை நிறுத்தியது. ‘ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரை நாடறியச் செய்தவர் அவர்தான். பணம் வாங்கிக்கொண்டு பாட்டுகளை ஒலிபரப்பினார் என்ற வழக்கில் 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் 300 டாலர்தான், ஆனால் பிழைப்பு போய்விட்டது. 1965இல் 43 வயதில் இறந்தார்.

எல்விஸ் பிரெஸ்லி கறுப்பினத்தவரின் இசையைத் திருடினாரா?

1954 ஜூலை 5 அன்று மெம்பிஸில் சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக்கூடத்தில் 19 வயது எல்விஸ் பாடிப் பதிவுசெய்த ‘தட்ஸ் ஆல் ரைட்’, ஆர்தர் கிரடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946இல் பதிவுசெய்தது. சில நாட்களில் உள்ளூர் வானொலியில் அது ஒலித்ததும் தொலைபேசிகள் ஓயவில்லை. பையனை நிலையத்துக்கு வரவழைத்த அறிவிப்பாளர் டூயி ஃபிலிப்ஸ், எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். ஹியூம்ஸ் பள்ளி என்றார் எல்விஸ். அது வெள்ளையர் பள்ளி. பாடுகிறவன் வெள்ளைப் பையன் என்று நேயர்களுக்குச் சொல்வதற்காகவே கேட்கப்பட்ட கேள்வி அது. குரலை மட்டும் கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அவரே 1956இல் ஒரு நாளிதழிடம், நான் பாடுவதைக் கறுப்பினத்தவர் எத்தனையோ காலமாகப் பாடிவருகிறார்கள், நான் அவர்களிடம் கற்றேன் என்று கிரடப்பின் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொண்டார். ஆகவே ‘திருடர்’ என்று நான் அவரைச் சொல்ல மாட்டேன். கணக்குப் புத்தகங்களைப் பற்றிச் சொல்வேன். கிரடப்புக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகை வாழ்நாளில் முறையாக வந்துசேரவில்லை. ‘ஹவுண்ட் டாக்’ பாடலை முதலில் பாடி 1953இல் கறுப்பினப் பாடல்கள் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் வைத்த பிக் மாமா தார்ன்டன், தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்றார். சக் பெரி எழுதிய ‘மேபலின்’ பாடலுக்கு 1955இல் ஆசிரியர்களாகப் பதிவான மூவரில் ஒருவர், சற்றுமுன் பார்த்த ஆலன் ஃப்ரீட். ஒலிபரப்புவதற்குக் கூலி அது.

1956 செப்டம்பர் 9 அன்று எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் தோன்றியபோது ஏறத்தாழ 6 கோடிப் பேர் பார்த்தார்கள். 1957 ஜனவரியில் மூன்றாவது முறை வந்தபோது, நாடே பதறிய அந்த இடுப்பசைவு தெரியாதபடி இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். பாடியது ஒரு பக்திப் பாடலும்கூட.

அன்றைய நிலையை ஒரே ஆளின் வாழ்க்கையில் காட்டச் சொன்னால்?

கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல். பட்டுப்போன்ற குரல், வெள்ளையர் வீடுகளில் கிறிஸ்துமஸ் வந்தால் அவர் தட்டுதான் சுழலும். 1948இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹான்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கினார். விரும்பத்தகாதவர்கள் இங்கே குடிவருவதை நாங்கள் விரும்பவில்லை என்று குடியிருப்போர் சங்கம் சொன்னது. ‘நானும் விரும்பவில்லை. அப்படி யாராவது வந்தால் முதல் ஆளாக வந்து புகார் சொல்கிறேன்’ என்றார் கோல். 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்காமில், வெள்ளையர் மட்டும் அமர்ந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது சிலர் மேடையேறி அவரைத் தாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது. புகழ்பெற்ற கலைஞர்கள் குறைந்த சம்பளத்துக்கு வந்து பாடிக்கொடுத்தார்கள். ஆனாலும் நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. தென்மாநில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம். 1957 டிசம்பரில் கோல் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார். நியூயார்க்கில் விளம்பர நிறுவனங்கள் நிறைந்த தெருவின் பெயரைச் சொல்லி, ‘மேடிசன் அவென்யூவுக்கு இருட்டென்றால் பயம்’ என்றார்.

காமிக்ஸ் புத்தகங்களை உண்மையிலேயே எரித்தார்களா?

எரித்தார்கள். 1948இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சரிலும் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனிலும் பள்ளிப்பிள்ளைகளே வீடுவீடாகச் சேகரித்துக் கொண்டுவந்து குவித்துத் தீவைத்தார்கள். 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம், சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸே காரணம் என்று புத்தகம் எழுதினார். செனட் குழு விசாரித்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை உருவாக்கி, திகில் கதைகளை ஒழித்துக்கட்டினார்கள். வெர்தாமைக் கோமாளியாக மட்டும் பார்ப்பது சரியல்ல. ஹார்லெமில் ஏழைக் கறுப்பினத்தவருக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவமனை நடத்தியவர், பள்ளிகளில் இனப்பிரிவினையின் தீங்கைப் பற்றி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். ஆனால் காமிக்ஸ் ஆய்வில் குழந்தைகளின் வாக்குமூலங்களைத் தனக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார் என்பது அவருடைய கோப்புகள் திறக்கப்பட்ட பிறகு, 2012இல் வெளிவந்தது.

வினாடி வினா மோசடி என்று ஒன்று நடந்ததாமே?

‘ட்வென்டி ஒன்’ என்ற நிகழ்ச்சியில் ஹெர்ப் ஸ்டெம்பெல் என்பவர் தொடர்ந்து வென்றுவந்தார். அவருக்குப் பதில்களை முன்கூட்டியே கொடுத்ததோடு, பொருந்தாத கோட்டும் மோசமான முடிவெட்டும் கொடுத்து அப்பாவி ஏழையாகக் காட்டியது தயாரிப்புக் குழு. மக்களுக்கு அவர் சலித்ததும், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியரும் அழகருமான சார்லஸ் வான் டோரனை இறக்கினார்கள். 1956 டிசம்பரில் ஸ்டெம்பெலைத் தவறான பதில் சொல்லித் தோற்கச் சொன்னார்கள். கேள்வி, 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற படம் எது என்பது. பதில் ‘மார்ட்டி’. அவருக்கு மிகவும் பிடித்த படம் அது. வலித்திருக்கும்.

வான் டோரன் 1,29,000 டாலர் வென்று ‘டைம்’ அட்டையில் வந்தார். 1959 நவம்பர் 2 அன்று நாடாளுமன்றக் குழு முன் உண்மையை ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அதுவரை இந்த ஏமாற்று சட்டப்படி குற்றமே அல்ல. 1960இல்தான் அதற்குச் சட்டம் வந்தது.

மக்கார்த்தி காலத்தில் ஹாலிவுட்டில் நடந்தது என்ன?

அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருப்பதாகக் குற்றம்சாட்டிய செனட்டர் மக்கார்த்தி 1950இல்தான் வெளிச்சத்துக்கு வந்தார், ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை 1947இலேயே நாடாளுமன்றக் கீழவையின் விசாரணைக் குழுவால் தொடங்கிவிட்டது. இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் சிறை சென்றார்கள். அவர்களில் திரைக்கதை ஆசிரியர் டால்டன் டிரம்போ வெளியே வந்த பிறகு பினாமிப் பெயர்களில் எழுதிப் பிழைத்தார். ‘ரோமன் ஹாலிடே’ கதைக்கான ஆஸ்கர், பெயர் கொடுத்த நண்பரிடம் போயிற்று. 1957இல் ‘ராபர்ட் ரிச்’ என்பவருக்கு ஆஸ்கர் அறிவித்தபோது வாங்குவதற்கு அப்படி ஓர் ஆளே இல்லை. அதுவும் டிரம்போதான்.

நெடுஞ்சாலையும் ஹாம்பர்கரும் இந்தக் கதையில் எங்கே வருகின்றன?

புறநகர் வீட்டுக்குப் போகக் கார் வேண்டும், காருக்குச் சாலை வேண்டும். 1956 ஜூன் 29 அன்று ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழிசெய்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. மக்டொனால்ட் சகோதரர்கள் 1948இலேயே கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் தங்கள் கடையை மூன்று மாதம் மூடி, பரிமாறும் பெண்களை நிறுத்தி, தட்டு கரண்டிகளை ஒழித்து, லெவிட் வீட்டைப் பிரித்ததுபோல் ஹாம்பர்கரைப் பிரித்து 15 சென்ட்டுக்கு விற்றார்கள். அவர்கள் பெயரில் கிளைக்கடைகளைப் பரப்பிய ரே கிராக் 1961இல் 27 லட்சம் டாலருக்கு அவர்களிடமிருந்து நிறுவனத்தை வாங்கிக்கொண்டார்.

சாலை எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். நகரங்களுக்குள் நுழையும்போது, நிலம் மலிவாகவும் எதிர்ப்பு பலவீனமாகவும் இருந்த பகுதிகளை அது இடித்துக்கொண்டு போயிற்று. செயின்ட் பாலில் ராண்டோ, மயாமியில் ஓவர்டவுன், டெட்ராய்ட்டில் பாரடைஸ் வேலி. மூன்றும் கறுப்பினத்தவரின் கடைத்தெருக்களும் இசைக்கூடங்களும் நிறைந்திருந்த இடங்கள். வரைபடத்தில் முன்பு பூசிய சிவப்பின் மேல்தான் பெரும்பாலும் தார் விழுந்தது.

அப்போது அங்கே தமிழர்கள் இருந்தார்களா?

விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். 1946 ஜூலையில்தான் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் வழிவிட்டது. குடியேற்றத்துக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 100 பேர், இந்தியா முழுவதற்கும் சேர்த்து. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தார், 1953இல் குடியுரிமை பெற்றார். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் நம்மவர்கள் கூட்டமாகப் போனது.

லெவிட்டவுன் இன்று எப்படி இருக்கிறது?

லாங் ஐலண்ட் வீடுகளை முதல் வடிவத்திலேயே பார்ப்பது அரிது. மேல்தளம் எழுப்பி, முன்பக்கம் நீட்டி, கார் கொட்டகை கட்டி, ஒன்றுபோல் ஒன்று இல்லாதபடி ஆக்கிவிட்டார்கள். வேலிகளும் வந்துவிட்டன. கறுப்பினத்தவர் இன்றும் மிகச் சிலரே.

பென்சில்வேனியாவில் மையர்ஸ் குடும்பம் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 1961இல் வேறு ஊருக்குப் போயிற்று. 1999 டிசம்பரில் உள்ளூர் மேயர் டெய்ஸி மையர்ஸை அழைத்து, நடந்ததற்கு ஊரின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். வில்லியம் அப்போது உயிரோடு இல்லை. ஊர் அலுவலகத்தின் முன்னால் நட்டிருந்த கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்குகளை டெய்ஸி ஏற்றிவைத்தார். அந்த மரத்துக்கு ‘மிஸ் டெய்ஸி’ என்று பெயர் வைத்தார்கள்.